வாசகர் கேள்விகள்: சி லைப்ரரி மாறினால் புரோகிராம் ஏன் படுத்துவிடுகிறது?

கேள்வி: உபுண்டுவில் ஒழுங்காக ஓடும் என் சி புரோகிராம், ஆல்பைன் கன்டெய்னரில் புது திரெட் தொடங்கியதும் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று விழுகிறது. ஆல்பைனின் சி லைப்ரரியான மசலில் (musl) பிழையா?
– வாசகர், கோவை

பதில்: மசல்மேல் பழி வேண்டாம். திரெட்டுக்குக் கிடைக்கும் ஸ்டாக் (லோக்கல் வேரியபிள்கள் தங்கும் நினைவகம்) அளவைப் பாருங்கள். உபுண்டுவின் சி லைப்ரரியான ஜிலிப்சி (glibc) அதை யுலிமிட் (ulimit) என்ற சிஸ்டம் வரம்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். வழக்கமாக 8 எம்பி. மசல் தருவதோ 128 கேபி. 1.1.21 பதிப்புக்கு முன்பு வெறும் 80 கேபி. ஃபங்ஷனுக்குள் 200 கேபி லோக்கல் அரே இருந்தால் கதை முடிந்தது. மெயின் திரெட்டுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதே ஃபங்ஷன் அங்கே ஓடிவிடும். ஆளைக் குழப்புவது அதுதான்.

ஜிசிசி கம்பைலருக்கு ‘ஃப்ரேம்-லார்ஜர்-தன்’ (-Wframe-larger-than) எச்சரிக்கையை 65536 என்று கொடுத்துக் கம்பைல் செய்யுங்கள். 64 கேபிக்கு மேல் ஸ்டாக் தின்னும் ஃபங்ஷன்களைக் காட்டிக்கொடுக்கும். அவற்றிலுள்ள பெரிய அரேக்களை மேலாக் (malloc) மூலம் பெறும் நினைவகத்துக்கு மாற்றுவதே முறையான வைத்தியம். அவசரத்துக்கு, ‘பித்ரெட் அட்டர் செட்ஸ்டாக்சைஸ்’ (pthread_attr_setstacksize) மூலம் 1 எம்பி (1048576 பைட்) கேட்கலாம். அந்த அட்டரை ‘பித்ரெட் கிரியேட்’டின் இரண்டாவது ஆர்கியுமென்டாகக் கொடுக்காமல் நல் (NULL) என்றே விட்டுவிட்டால் எதுவும் மாறாது, பலர் சறுக்கும் இடம் இது. திரெட்டை உருவாக்குவது வேறொருவர் எழுதிய லைப்ரரி என்றால், லிங்கரிடம் ‘ஸ்டாக்-சைஸ்’ (-z stack-size) விருப்பத்தில் அதே எண்ணைக் கொடுங்கள். 1.1.21 முதல் மசல் அதை மதிக்கிறது.

கேள்வி: கெட்சி (getc) தருவதை கேர் (char) வேரியபிளில் வாங்கி ஃபைலைப் படிக்கும் என் லூப், ராஸ்பெர்ரி பையில் மட்டும் நிற்பதே இல்லை.
– வாசகர், மதுரை

பதில்: கெட்சி தரும் மதிப்பை கேர் வேரியபிளில் வாங்குவதுதான் சிக்கல். ஆர்ம் லினக்ஸில் கேருக்கு மைனஸ் குறி கிடையாது. ஃபைல் முடிந்ததைச் சொல்லும் இஓஎஃப்பின் (EOF) -1 அங்கே 255 ஆகிவிடும், ஒப்பீடு பொருந்தாது. வேரியபிளை இன்ட் (int) ஆக்குங்கள். இன்டெல் கணினியிலும் இது சரியான நிரல் அல்ல: ஃபைலில் 255 என்ற பைட் வந்தால் பாதியிலேயே நின்றுவிடும்.

கேள்வி: பழைய சர்வரில் என் புரோகிராம் ‘ஜிலிப்சி 2.14 இல்லை’ என்கிறது. என் கணினியின் லிப்சி ஃபைலைக் காப்பி செய்யலாமா?
– வாசகர், சேலம்

பதில்: கூடவே கூடாது. புரோகிராம்களைத் தொடங்கிவைக்கும் லோடரும் லிப்சியும் பொருந்தாமல் போனால் எல்எஸ் (ls) கமாண்டுகூட ஓடாது. 2011இல் வந்த 2.14இல் நினைவகத்தை நகலெடுக்கும் மெம்காப்பி (memcpy) ஃபங்ஷனுக்குப் புதிய சிம்பல் பதிப்பு சேர்ந்தது. உங்கள் புரோகிராம் தேடுவது பெரும்பாலும் அதைத்தான். ஒன்றன்மேல் ஒன்று படியும் நினைவகப் பகுதிகளை மெம்காப்பியிடம் கொடுத்துவந்த பழைய புரோகிராம்கள் உடையாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. (அப்படிப் படிந்தால் மெம்மூவ்தான் பயன்படுத்த வேண்டும்.) நீங்கள் ஆதரிக்கும் சர்வர்களிலேயே மிகப் பழைய லினக்ஸ் பதிப்பின் கன்டெய்னரில் பில்ட் செய்யுங்கள், அந்த பைனரி புதியவற்றிலும் ஓடும்.