14 பைக்குகள், குதிரைப் பண்ணை: சத்தம் பற்றி

நண்பரே, 14 பைக்கில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், பழங்காலப் பண்ணை வாழ்க்கையைக் காட்டும் திறந்தவெளி அருங்காட்சியகமான லிவிங் ஹிஸ்டரி ஃபார்ம்ஸுக்குப் போனால் குதிரைகள் மிரளுமா என்று கேட்டிருந்தீர்கள். திடீர் சத்தம்தான் அவற்றுக்கு ஆகாது. நாலைந்து பேராகப் பிரிந்து, ஆக்ஸிலேட்டரை முறுக்காமல் மெதுவாக உள்ளே போங்கள். நிறுத்தியதும் இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

புல்தரையில் நிறுத்த நேர்ந்தால் சைடு ஸ்டாண்டுக்கு அடியில் பலகைத் துண்டு வையுங்கள். ஒருமுறை ஈர மண்ணில் என் ஸ்டாண்டு மெல்லப் புதைந்து, திரும்பி வந்து பார்த்தால் வண்டி சாய்ந்து கிடந்தது. கிளட்ச் லீவர் முறிந்திருந்தது.

அப்புறம், 1700, 1850, 1900 என மூன்று காலத்துப் பண்ணைகள், நடை அதிகம். ரைடிங் பூட்ஸில் கால் கடுத்துவிடும், லேசான ஷூ அவசியம். 1900 பண்ணையில் வேலைக்குக் குதிரைகள்தான். ஏர் இழுக்கும்போது சேணத்தோல் இறுகும் ஓசையை நின்று கேளுங்கள்.