வாசகர் கேள்வி: மீனின் செவிக்கல்லும் இரையும்

கேள்வி: தொண்டியிலிருந்து வரும் பன்னா மீனின் தலையைக் குழம்புக்காகப் பிளக்கும்போது இரண்டு வெள்ளைக் கற்கள் கிடைக்கின்றன, எங்கள் கண்மாய்க் கட்லாவில் அவை தென்படுவதில்லை. இவை மீனின் காதெலும்பு என்கிறார்கள். மீன் தின்னும் இரை இவற்றின் வேதிச் சேர்க்கையை மாற்றுமா? (வாசகி, காரைக்குடி)

பதில்: மாற்றும், ஆனால் எல்லாத் தனிமங்களையும் ஒரே அளவில் மாற்றுவதில்லை. தாங்கள் கண்டது உட்செவியில் வளரும் செவிக்கல். புரத வலையின் மீது அரகோனைட் என்ற படிக வடிவக் கால்சியம் கார்பனேட் (சுண்ணாம்பு) மெல்லிய அடுக்குகளாகப் படிந்து அது உருவாகிறது. எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தை உடல் கரைத்து மீண்டும் பயன்படுத்திக்கொள்ளும். செவிக்கல்லில் படிந்ததோ அப்படியே தங்கிவிடுவதால், குஞ்சுப் பருவத்திலிருந்து பிடிபட்ட நாள்வரை மீன் வாழ்ந்த சூழலின் தடயம் மையத்திலிருந்து விளிம்புவரை வரிசையாக இருக்கிறது. கட்லாவுக்கும் செவிக்கற்கள் உண்டு. பன்னாவில் பெருத்து நிற்கும் இணை, கெண்டைக் குடும்பத்தில் ஊசிபோல் மெலிந்திருப்பதால் கண்ணில் படாமல் போகிறது.

ஸ்ட்ரான்சியமும் பேரியமும் பெரும்பாலும் நீரிலிருந்தே செவிக்கல்லுக்கு வந்துசேர்கின்றன. 2006-இல் வெளியான ஒரு வளர்ப்புச் சோதனையில், நீரின் பங்கு ஸ்ட்ரான்சியத்தில் சுமார் 83 விழுக்காடும் பேரியத்தில் சுமார் 98 விழுக்காடும் எனக் கணக்கிட்டார்கள். இரையின் பங்கு இவ்வளவு குறைவாக இருப்பது ஆய்வாளருக்குப் பெரிய வசதி. கழிமுகத்துக்கும் கடலுக்கும் இடையே திரியும் கொடுவாய் எப்போது எந்த நீரில் இருந்தது என்பதை ஸ்ட்ரான்சியத்தைக் கொண்டு ஊகிக்க முடிவது அதனால்தான்.

இரையின் சுவடு தெளிவாகத் தெரியும் இடங்கள் கார்பனும் நைட்ரஜனும். கல்லிலுள்ள கார்பனில் பெரும்பகுதி நீரில் கரைந்திருந்தது. மிச்சம், தின்ற இரையை உடல் எரிக்கும்போது வெளிப்படும் கரியமில வாயுவிலிருந்து வருகிறது. மீனின் வளர்சிதை மாற்றம் வேகமாக நடந்தால் இந்த மிச்சத்தின் பங்கு கூடும். ஆகவே கார்பனின் சற்றுக் கனமான வகையான கார்பன்-13 அளவு மாறியிருந்தால், இரை மாறியதா, உடலின் வேகம் மாறியதா, நீர் மாறியதா என்று மூன்றையும் பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும். நைட்ரஜனில் இந்தச் சிக்கல் குறைவு. செவிக்கல்லின் புரதத்தில் உள்ள நைட்ரஜன் இரையிலிருந்தே வருகிறது. உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறும்போது நைட்ரஜனின் கனமான வகையான நைட்ரஜன்-15 அளவு ஆயிரத்துக்குச் சுமார் 3 பங்கு உயர்வதால், மீன் பாசி தின்றதா, இறால் தின்றதா, பிற மீன்களை வேட்டையாடியதா என்பதை ஓரளவு அறியலாம். ஆனால் அந்தப் புரதம் கல்லில் மிகச் சிறிதளவே இருப்பதால், பிரித்தெடுத்து அளப்பது நுணுக்கமான வேலை. மீன் பிடிபட்ட அதே இடத்து நீரையும் இரையையும் உடன் வைத்து அளந்தால்தான் அந்த எண்களுக்குப் பொருள் சொல்ல முடியும்.