ஆஸ்பத்திரி வார்டில் பெரியவர்களுக்கு வரும் திடீர் குழப்பம்: கேள்வி பதில்

தண்டையார்பேட்டையிலிருந்து: அம்மாவுக்கு 78 வயசு. இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆகி மூணாவது நாள். பகலில் நல்லாப் பேசறாங்க, ராத்திரியானா ஆள் தெரியாம சலைன் ஊசியைப் பிடுங்கறாங்க. கீழ்ப்பாக்கத்துக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க. போகலாமா?

வேண்டாம். ஓரிரு நாளில் கிளம்பி, ஏறி இறங்கி வரும் இந்தக் குழப்பத்துக்கு டெலிரியம் என்று பேர். உடம்பில் எங்கோ கோளாறு என்பதற்கு அடையாளம் இது. ஆகவே பொது மருத்துவமனைப் படுக்கையை விடக்கூடாது. ஸ்டான்லி போன்ற இடங்களில் மனநலத் துறை உள்ளேயே இருக்கிறது. வார்டு டாக்டர் எழுதிக் கேட்டால் அவர்கள் பார்ப்பார்கள்.

முதலில் அடிவயிற்றைக் கவனியுங்கள். டியூபை எடுத்தபின் சிறுநீர் போகாமல் புடைத்திருக்கிறதா? மலம் கழித்து எத்தனை நாள்? வலிக்குப் போடும் டிரமடால் மலத்தைக் கட்டும், குழப்பத்தையும் கூட்டும். அடுத்து ரத்தத்தில் சோடியம், ஆக்சிஜன், நெஞ்சுச் சளி, சிறுநீர்த் தொற்று இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

டியூட்டி டாக்டரிடம் "தூங்க மாட்டேங்கறாங்க" என்று மட்டும் சொன்னால் தூக்க மாத்திரைதான் கிடைக்கும். அது பெரும்பாலும் நிலைமையை மோசமாக்கும். "நேத்து சாயங்காலம் வரைக்கும் தெளிவு, ராத்திரி எட்டு மணியிலிருந்து குழப்பம்" என்று நேரத்தோடு சொல்லுங்கள். கண்ணாடி, காது மிஷின், பல்செட் மூன்றையும் வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள்.

காசிமேட்டிலிருந்து: நைனா தினமும் குடிப்பாரு. அட்மிட் பண்ணி ரெண்டு நாள்ல கை நடுங்குது, பூச்சி ஊருதுன்றாரு.

அவசரம், உடனே சொல்லுங்கள். குடி நின்று 48 முதல் 72 மணி நேரத்தில் வருவது இது; வலிப்பும் வரலாம். எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது என்பதை மறைக்காதீர்கள். மேலே தூக்க மாத்திரை வேண்டாமென்றேன். இங்கே அந்த வகை மருந்துதான் உயிரைக் காக்கும். வயசானவர், ஈரல் கெட்டவர் என்றால் பெரும்பாலும் லோராசெபம் தருவார்கள். குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டாயிற்றா என்றும் கேளுங்கள்.

வியாசர்பாடியிலிருந்து: பார்கின்சன் உள்ள அப்பாவுக்கு ஹாலோபெரிடால் ஊசி போட்டதும் உடம்பு கட்டை மாதிரி ஆயிடுச்சு.

அந்த மருந்து மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைத் தடுக்கும். அவருக்கு ஏற்கெனவே குறைவாக இருப்பது அதுதான். மற்ற முதியவர்களுக்கே 0.25 அல்லது 0.5 மில்லிகிராமில்தான் தொடங்குவார்கள், ஈசிஜி பார்த்துவிட்டு. இவருக்குத் தேவைப்பட்டால் குவெட்டியாபின் 12.5 மில்லிகிராம் தரலாமா என்று கேளுங்கள். வாந்திக்குப் போடும் மெட்டோகுளோபிரமைடும் ஆகாது. ஹாலோபெரிடால், மெட்டோகுளோபிரமைடு இரண்டும் கூடாது என்று கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். பார்கின்சன் மாத்திரை வேளை தவறக்கூடாது.

திருவொற்றியூரிலிருந்து: ஆயா கத்தலை, பேசவும் இல்லை, படுத்தே கிடக்குது. மனச்சோர்வா?

அமைதியான டெலிரியமாகவும் இருக்கலாம். தொந்தரவு தராததால் யாரும் கவனிப்பதில்லை. சனிக்கிழமையிலிருந்து கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். மனச்சோர்வென்றால் மெதுவாகவாவது சொல்லிவிடுவார், அல்லது "வுடுப்பா" என்பார். டெலிரியத்தில் பாதியில் இழை அறுந்துபோகும். மனச்சோர்வென்றே முடிவாகி எஸ்சிட்டலோபிராம் தந்தால், இந்த வயதில் பொதுவாக 10 மில்லிகிராமைத் தாண்டமாட்டார்கள். பிரஷருக்குத் தயசைடு வகை மாத்திரையும் சாப்பிடுகிறவர் என்றால், இரண்டும் சேர்ந்து சோடியத்தைக் குறைக்கலாம் என்பதால் இரண்டு வாரத்துக்குள் சோடியம் பார்த்துவிடுங்கள்.