‘தாய்’ என்றால் கொடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

கஜகஸ்தானிலிருந்து மூன்று வயதுப் பையனைத் தத்தெடுக்க அடுத்த மாதம் போகிறோம். அவன் வளரும் இல்லத்தில் ரஷ்ய மொழிதான் பேசுகிறார்கள். செயலி ஒன்றில் முந்நூறு சொல் படித்துவிட்டோம். விமான நிலையம், பல்கலைக்கழகம் எல்லாம் வாயில் வருகிறது. குழந்தையோடு பேச இது போதுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

போதாது. பையனுக்கு வேண்டியது அறுபது எழுபது சொல்தான், ஆனால் அதில் பாதி உங்கள் செயலியில் இருக்காது. வயிற்றுக்கு அகராதியில் ‘ஜிவோத்’. பிள்ளை சொல்வது ‘ஜிவோத்திக்’. கை ‘ருக்கா’. அவன் இரண்டு கையையும் நீட்டி ‘நா ரூச்கி’ என்றால் ‘தூக்கிக்கோ’ என்று பொருள். (இந்த ஜ-வை நாக்கு அண்ணத்தில் ஒட்டாமல் உரசலாகச் சொல்லுங்கள். தமிழ் எழுத்து இங்கே கைகாட்டி மட்டுமே. காது பழக வேண்டும்.)

முதலில் கழிப்பறைச் சொற்கள். ‘ஹச்சூ பீத்’ என்றால் குடிக்க வேண்டும். ‘ஹச்சூ பீஸத்’ என்றால் ஒன்றுக்குப் போக வேண்டும். நடுவில் ஓர் அசைதான். தம்ளரை நீட்டிக்கொண்டு நிற்பீர்கள், அதற்குள் கால்சட்டை நனைந்திருக்கும். அதே ‘பீஸத்’தில் அழுத்தத்தை, அதாவது ஓங்கிச் சொல்லும் இடத்தை, பின்னால் தள்ளி ‘பிஸாத்’ என்றால் ‘எழுத’! அழுத்தம் மாறினால் சொல்லே வேறு. அழுத்தம் விழாத ‘ஓ’ ஏறக்குறைய ‘அ’ ஆகிவிடும். தண்ணீரை ‘வோதா’ என எழுதி ‘வதா’ என்பார்கள்.

தமிழ்க் காதுக்கு ஒரு பொறி: ‘தா’ என்றால் ஆமாம், ‘தாய்’ என்றால் கொடு. ‘பந்து’வின் த போல ஒலிக்கும். நம் ‘இந்தா’வுக்கு அவர்கள் சொல்வது வெறும் ‘நா’.

சாப்பாட்டு நேரத்துக்கு ‘யிஷ்ஷோ’ (இன்னும்), ‘ஹ்வாத்தித்’ (போதும்), ‘கரிச்சோ’ (சுடும்) போதும். ‘நில்ஸ்யா’ (கூடாது) என்பதை அடுப்புக்கும் சாலைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் சொன்னால் அவசரத்தில் எடுபடாது.

பலர் சறுக்குவது கேள்வி கேட்பதில். மனப்பாடம் செய்த கேள்வியைச் சரளமாகக் கேட்டுவிடலாம். மூன்று வயது வாயிலிருந்து மழலையாக வரும் பதில் ஒரு சொல்கூடப் பிடிபடாது. அதனால் விரல் பதில் சொல்லும் கேள்வியாகக் கேளுங்கள். ‘பக்கஜீ, க்தே பலீத்?’ அதாவது, காட்டு, எங்கே வலிக்குது? ரஷ்ய மொழி பேசும் தாய் ஒருவரிடம் இந்தச் சொற்களைப் பிள்ளையிடம் பேசும் வேகத்திலேயே பதிவு செய்து வாங்குங்கள். தினமும் பத்துச் சொல். ஒருவர் பிள்ளையாக நடிக்க, மற்றவர் சொல்லாமல் செய்து காட்ட வேண்டும். உங்களுக்கு வேண்டியது பேச்சைவிடக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன்.

பதிவு செய்பவர் பெண் என்பதால் ஒன்றைக் கவனியுங்கள். விழுந்தேன் என்பதைப் பெண் ‘உபாலா’ என்பார், பையன் ‘உபால்’ என்பான். அப்படியே திருப்பிச் சொல்லும் அப்பா பெண்பாலில் பேசுவார்.

இல்லத்துப் பராமரிப்பாளரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை: அவனை எப்படிக் கூப்பிடுகிறார்கள் (ஆவணத்தில் அலெக்ஸாந்தர் என்றிருந்தால் வாயில் சாஷா), மலச்சட்டிக்கு என்ன சொல்கிறான் (பெரும்பாலும் ‘கர்ஷோக்’), தூங்கும்முன் என்ன சொல்லிப் படுக்க வைக்கிறார்கள். முதல் ராத்திரி அந்தக் கடைசிச் சொல்லை அதே ராகத்தில் சொல்லுங்கள். வீட்டில் தமிழ் காதில் விழத் தொடங்கிய சில மாதங்களிலேயே அவன் ரஷ்ய மொழியை விட்டுவிடக்கூடும். எனவே இலக்கணப் புத்தகம் வாங்க வேண்டாம்.