விறகடுப்பும் இருமலும்: காரண வரைபடம் எதைக் காட்டும்?

கேள்வி: தோட்ட லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) விறகடுப்பில் சமைக்கும் பெண்களுக்கு நாட்பட்ட இருமல் கூடுதலா என்று பட்டப்படிப்புக்காக ஆய்வு செய்கிறேன். டிஸ்பென்சரிக்கு வந்த பெண்களிடம் தகவல் பெற்றேன். வருமானத்தைக் கூடியது, குறைந்தது என்றும், புகைப்பழக்கத்தை உண்டு, இல்லை என்றும் பிரித்துக் கணக்கில் சேர்த்த பின்னும் தொடர்பு நீங்கவில்லை. எஞ்சிய குழப்பம், அதாவது இவற்றைச் சேர்த்த பின்னும் மிஞ்சி நிற்கும் பிற காரணிகளின் தாக்கம், எவ்வளவு என்று அறியக் காரண வரைபடம் உதவுமா?
– ஹட்டனிலிருந்து ஒரு வாசகி

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

எவ்வளவு என்று வரைபடம் சொல்லாது. எந்த வழியாக வருகிறது என்று சொல்லும். 1999 இல் கிரீன்லாந்து, பேர்ல், ரொபின்ஸ் ஆகிய மூவரும் நோய்ப்பரவலியல் ஆய்வாளர்களுக்கு இந்த வரைபடங்களை விளக்கி எழுதியதன் பெரும்பயன், நாம் மனதுக்குள் வைத்திருக்கும் அனுமானங்களைத் தாளில் அம்புக்குறிகளாக இறக்கி, பிறர் மறுக்கக்கூடிய நிலைக்குக் கொண்டுவந்ததே என்று நான் கருதுகிறேன்.

முதலில் விறகடுப்பிலிருந்து இருமலுக்கு ஓர் அம்பு வரையுங்கள். அடுத்து, வறுமையிலிருந்து விறகடுப்புக்கு ஒன்றும் இருமலுக்கு ஒன்றும் வரையுங்கள். அடுப்பு காரணமாக இல்லாவிட்டாலும் அதை இருமலோடு தொடர்புபடுத்திவிடும் இந்த வழிதான் பின்வாசல் பாதை. இதை வருமானத்தைக் கொண்டு அடைத்துவிட்டதாக நீங்கள் நினைக்கிறீர்கள். ஆனால் நீங்கள் சேர்த்தது வறுமையை அன்று, வினாத்தாளில் விழுந்த ஒரு குறியை. ஆகவே வறுமையை ஒரு புள்ளியாகவும், அதிலிருந்து அம்பு வந்து சேரும் ‘எழுதிய வருமானம்’ என்பதை வேறொரு புள்ளியாகவும் போடுங்கள். அப்போது, இரண்டாவது புள்ளியைக் கட்டுப்படுத்தினாலும் முதலாவதன் வழியே செல்லும் பாதை முழுமையாக மூடாது என்பது கண்ணுக்கே தெரியும். ஒரே நாட்சம்பளம் வாங்கும் இரண்டு வீடுகளில், ஒன்றில் இருவர் கொழுந்து பறிக்க, மகன் கொழும்பிலிருந்து பணம் அனுப்புவான். மற்றதில் ஒருவர் உழைப்பில் ஆறு பேர் சாப்பிடுவார்கள். ‘குறைந்த வருமானம்’ என்ற ஒரே பெட்டிக்குள் இவ்விரு வீடுகளும் விழுந்தால், அவற்றுக்கிடையிலான வேறுபாடு முழுவதும் எஞ்சிய குழப்பமாகத் தங்கிவிடும்.

புகைப்பழக்கத்துக்கும் இதுவே பொருந்தும். அந்தப் பெண் பீடி தொட்டிருக்க மாட்டார். ஆனால் லயத்தின் ஒற்றை அறைக்குள் மாமனார் பீடி பிடிப்பார். குளிர், ஈரச்சுவர், நெரிசல் ஆகியவற்றுக்கும் அம்புகள் வேண்டும். நுவரெலியாப் பக்கம் அடுப்பைக் குளிர்காயவும் எரிய விடுவதால், குளிர் அடுப்பையும் தொடும், இருமலையும் தொடும்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது நீங்கள் போகிறபோக்கில் சொன்ன டிஸ்பென்சரிதான். இருமல் இருப்பதால் ஒருவர் அங்கு வருகிறார். கேஸ் அடுப்பு வாங்க வசதியுள்ளவர் இருமல் வந்தால் டவுனில் தனியார் டொக்டரிடம் போய்விடுகிறார். இருமலிலிருந்து ஒன்றும் வசதியிலிருந்து ஒன்றுமாக இரண்டு அம்புகளும் ‘டிஸ்பென்சரிக்கு வந்தவர்’ என்ற புள்ளியில் வந்து முட்டுகின்றன. அந்தப் புள்ளிக்குள் மட்டும் நின்று பார்த்தால், இல்லாத தொடர்பும் தோன்றும், இருக்கும் தொடர்பும் பெருகும். இது எஞ்சிய குழப்பம் அன்று, தெரிவினால் வந்த பிழை; எத்தனை காரணிகளை மேலும் சேர்த்தாலும் இது தீரும் என்று நம்ப முடியாது.

அளவுக்கு வேறு கருவி உண்டு. வாண்டர்வீல், டிங் இருவரும் 2017 இல் முன்வைத்த ஈ-மதிப்பின்படி, உங்கள் ஆபத்து விகிதம் 2 என்றால், அதாவது விறகடுப்பில் சமைப்பவருக்கு இருமல் வரும் வாய்ப்பு மற்றவரைவிட இரு மடங்கு என்றால், அதை முழுவதும் பொய்யாக்க, அளக்கப்படாத காரணி ஒன்று விறகடுப்போடும் இருமலோடும் தனித்தனியே ஏறத்தாழ 3.4 மடங்கு தொடர்புடையதாக இருக்க வேண்டும். நீங்கள் வரைந்த புள்ளிகளில் அத்தனை வலுவானது எது என்று அப்போது கேட்கலாம்.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். அடுப்புப் புகையால் சிரங்கு வராது. நெரிசலாலும் வறுமையாலும் வரும். எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்த பிறகும் விறகடுப்பு வீடுகளில் சிரங்கு கூடுதலாகத் தெரிந்தால், பின்வாசல் இன்னும் திறந்திருக்கிறது என்று கொள்ளலாம். டிஸ்பென்சரியை விட்டு, லயம் லயமாக வீடுகளுக்கே சென்று, எத்தனை பேர் உழைக்கிறார்கள், எத்தனை பேர் ஓர் அறையில் படுக்கிறார்கள், வீட்டுக்குள் யார் புகைக்கிறார்கள், 2022 இல் கேஸ் தட்டுப்பாடு வந்தபோது எந்த அடுப்புக்கு மாறினார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.