ஏரிக்கரைச் சிலை: சப்தமாதரா, தவ்வையா?

உங்கள் ஏரிக்கரைச் சிலை சப்தமாதரா (ஏழு தாய்த் தெய்வங்கள்) என்று கேட்டிருந்தீர்கள். அது சப்தமாதர் இல்லை, தவ்வை என்ற தேவி. மூத்ததேவி, ஜேஷ்டா என்றும் சொல்வார்கள். ஏரிக்கரைப் பலகைக்கல்லில் கால்களை அகட்டித் தொங்கவிட்டு அமர்ந்த பெண், பெருத்த வயிறு, இருபுறமும் சிறு உருவங்கள், அதில் ஒன்றுக்கு மாட்டு முகம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மாட்டு முகமே போதும். அந்த உருவம் தவ்வையின் மகன் மாந்தன், மறுபக்கம் இருப்பவள் அவளுடைய மகள் மாந்தி.

விலங்கு முகத்தைப் பார்த்ததும் சப்தமாதரில் ஒருத்தியான வாராகி என்று நினைத்திருப்பீர்கள், பலருக்கும் வரும் குழப்பம்தான். வாராகி என்றால் பன்றி முகம் தேவிக்கே இருக்கும். இங்கே பிள்ளைக்கு இருக்கிறது. சப்தமாதரில் ஏழு பேரும் வரிசையாக இருப்பார்கள், ஓரங்களில் வீரபத்திரரும் பிள்ளையாரும்.

உறுதிசெய்ய:
1. சாயங்காலம் இருட்டியபின் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் படமெடுங்கள். நேர் வெளிச்சத்தில் தேய்ந்த கோடுகள் தெரியாது.
2. தோளுக்கு மேலே காக்கைக் கொடி, துடைப்பம் தேடுங்கள். சிலவற்றில் கழுதையும் உண்டு.
3. மாட்டு முகம் பெரும்பாலும் தேவியின் வலப்பக்கம், அதாவது நமக்கு இடப்பக்கம்.

சுண்ணாம்போ எண்ணெயோ பூசிக் கோடுகளை எடுப்பாகக் காட்டப் பார்க்காதீர்கள். ஆசிட் வேண்டவே வேண்டாம். இடம் மாற்றாமல் மாவட்டத் தொல்லியல் அலுவலருக்குச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை: மடியில் ஒரே ஒரு குழந்தை மட்டும் இருந்தால் நான் சொன்னது பொருந்தாது, அது இசக்கி என்ற நாட்டார் தெய்வமாகவும் இருக்கலாம். காலத்தையும் இதை வைத்து முடிவுகட்டாதீர்கள். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் 8ஆம் நூற்றாண்டுத் தவ்வை இருக்கிறாள் என்பதால் எல்லாத் தவ்வையும் பல்லவர் காலம் ஆகிவிடாது.

ஊரில் ‘மூதேவி’ என்று ஒதுக்கினால் குறள் 167-ஐக் காட்டுங்கள். திருமகளுக்கு அக்காள் அவள்.