வாசகர் கேள்வி பதில்: மரங்கள் நிற்கும் மலைச்சரிவை விற்பதற்கு முன்

கேள்வி: மலைக் கிராமம் ஒன்றின் ஓரத்தில், தந்தை வழியில் எங்களுக்கு வந்த 2 ஹெக்டேர் நிலம் இருக்கிறது. அதில் வீடும் இல்லை, வெள்ளாமையும் இல்லை; முழுக்க மரங்கள்தாம். உடன்பிறந்தோர் மூவருமே வெளியூரில் தங்கிவிட்டதால் விற்றுவிடலாம் என்று முடிவெடுத்திருக்கிறோம். மரங்களை வெட்டிக் காசாக்கிவிட்டு, இடத்தை வெட்டவெளியாகக் காட்டினால்தான் விலை போகும் என்கிறார் தரகர். அவர் பேச்சைக் கேட்கலாமா?

பதில்: தயவுசெய்து கேட்காதீர்கள். சரிவில் மண்ணைப் பிடித்து வைத்திருப்பவை வேர்கள். மரத்தை வெட்டிய அன்றே மண் சரிந்துவிடாது. வெட்டுண்ட மரத்தின் வேர் மண்ணுக்குள் மெல்ல மெல்ல மக்கி, சில ஆண்டுகள் கழித்துப் பிடிமானம் விட்டுப்போன பிறகு, ஏதோ ஒரு பெருமழையில்தான் சரிவு இறங்கும். நீங்கள் பணத்தை வாங்கிக்கொண்டு போன பின், நிலத்தை வாங்கியவரும் அவருக்குக் கீழே குடியிருப்பவர்களும் அந்தத் துன்பத்தைச் சுமக்க நேரும். மொட்டையடிக்கப்பட்ட ஒரு சரிவை மழைக்கு மறுநாள் நான் பார்த்திருக்கிறேன். மேலே விரல் அகலத்தில் தொடங்கிய நீர்க்கோடுகள் கீழே வரவர முழங்கால் ஆழத்துக்கு அரித்திருந்தன. அடிவாரத்து ஊற்றில் கலங்கல் தெளியவே இல்லை. அந்த இடத்தை வாங்குவதற்காக வந்தவர் வண்டியை விட்டு இறங்காமலேயே திரும்பிவிட்டார்.

மேலும், சொந்த நிலத்து மரமாகவே இருந்தாலும், மலைப்பகுதியில் அதை வெட்ட அனுமதி பெற வேண்டும் என்ற விதி பல நாடுகளில் உண்டு. தனியார் பெயரில் உள்ள நிலமே காடு என்று வகைப்படுத்தப்பட்டிருக்கவும் கூடும். அப்படியானால் அங்கே வீடு கட்ட அனுமதி கிடைப்பது அரிது. ஆகவே விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே, நிலம் எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்பதை உரிய அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். வீடு கட்டலாம் என்று வாய்வார்த்தையாகச் சொல்லி விற்றால் அது பின்னால் தாவாவில் போய் முடியும்.

வெட்ட வேண்டாம் என்கிறேனே தவிர, மரங்களின் மதிப்பை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. மரம் மதிப்பிடத் தெரிந்த ஒருவரை அழைத்துச் சென்று, இன்ன இனம், இத்தனை மரம், இவ்வளவு சுற்றளவு என்று பட்டியல் எடுங்கள். சுற்றளவைப் பெரும்பாலும் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளப்பார்கள். சரிவில் மேட்டுப் பக்கத்துத் தரையிலிருந்து அந்த உயரத்தைக் கணக்கிட வேண்டும். பள்ளத்துப் பக்கத்திலிருந்து கணக்கிட்டால் நாடா பருத்த அடிமரத்துக்கு இறங்கி, இல்லாத கனத்தைக் காட்டிவிடும். மாவடை மரவடை எல்லாம் சேர்த்தே விற்கிறீர்களா என்பதைக் கிரயப் பத்திரத்தில் ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதிவிடுங்கள். மரத்தைப் பற்றிப் பத்திரம் ஒன்றும் சொல்லாமல் விட்டதால் வருடக்கணக்கில் வழக்காடியவர்கள் உண்டு.

விற்பனைக்கு முன் நீங்கள் செலவழிக்க வேண்டிய இடம் எல்லைதான். பழைய பத்திரத்தின் நான்கெல்லையில் ஓடை என்றும் பெரிய மரம் என்றும் எழுதியிருப்பார்கள்; ஓடை திசை மாறியிருக்கும், மரம் விழுந்திருக்கும். கைபேசியின் இடங்காட்டி திறந்த வெளியிலேயே ஏறத்தாழ 5 மீட்டர் வரை பிசகக்கூடியது. அடர்ந்த மரக்கூரையின் கீழ் இன்னும் பிசகும். எனவே அதை நம்பி எல்லை சொல்லாதீர்கள். உரிமம் பெற்ற நில அளவையரையும், அக்கம்பக்கத்து நிலக்காரர்களையும் ஒரே நாளில் வரவழைத்து, எல்லை நெடுகச் சேர்ந்து நடந்து பாருங்கள். அப்போது ஓரத்து மரங்களின் பட்டையைக் கவனியுங்கள். மரம் உயர்வது நுனியில் மட்டுமே. அடிமரம் பருக்குமே தவிர மேலே நகராது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் உங்கள் தந்தை இடுப்பு உயரத்தில் வேலிக்கம்பிக்கு ஆணி அடித்திருந்தால், அது இன்றும் அதே உயரத்தில்தான் பட்டைக்குள் புதைந்து கிடக்கும். வெளியே உதடு மடித்தாற்போன்ற ஒரு தழும்பு தெரியும். அத்தகைய நான்கைந்து தழும்புகள் ஒரே வரிசையில் கிடைத்தால் அளவையருக்கு அது பெரிய உதவி.

கேள்வி: அதே நிலத்தை நாங்களே நாடா பிடித்து அளந்தபோது பத்திரத்தில் உள்ளதைவிடக் கூடுதலாக வருகிறது. அந்தக் கூடுதலுக்கும் விலை கேட்கலாமா?

பதில்: கேட்க முடியாது. நீங்கள் நாடாவைச் சரிவோடு சாய்த்துப் பிடித்திருப்பீர்கள். நில அளவையில் பரப்பு என்பது கிடைமட்டக் கணக்கு. மேலிருந்து நேர்கீழாகப் பார்த்தால் தெரியும் பரப்பே பத்திரத்தில் ஏறும். 30 பாகைச் சரிவில் 100 மீட்டர் நடந்தால் கிடைமட்டத்தில் 86.6 மீட்டர்தான் கடந்திருப்பீர்கள். நிலம் முழுவதும் அதே சரிவு என்றால் உங்கள் 2 ஹெக்டேர், நாடாக் கணக்கில் 2.3 ஹெக்டேராகத் தோன்றும். அதை அதிகப்படியான நிலம் என்று விளம்பரத்தில் போட்டால், வாங்குபவரின் அளவையர் வந்த அன்றே உங்கள் மற்ற வார்த்தைகளின் மேலும் நம்பிக்கை போய்விடும்.

கேள்வி: எங்கள் நிலத்துக்குச் சாலை கிடையாது. பக்கத்துக்காரர் நிலத்தின் வழியாகப் பல காலமாக நடந்து போய்வருகிறோம். இதனால் விற்பனை தடைபடுமா?

பதில்: தடைபடலாம், தடைபடாவிட்டாலும் விலை வெகுவாகக் குறையும். உங்கள் தந்தையின் மேலிருந்த மரியாதைக்காக வழிவிட்டவர், முன்பின் தெரியாத ஒருவருக்கும் அவருடைய வண்டிக்கும் வழிவிட வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. பாதையின் அகலம், வண்டி போகலாமா, மழையில் பழுதானால் யார் செலவு செய்வது ஆகியவற்றை எழுதி, பாதை உரிமையைப் பத்திரமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். அதற்குப் பணம் கேட்டால் கொடுங்கள். நிலத்தின் விலையில் அது திரும்பி வந்துவிடும். அதைப் பேசப் போகும்போதே, நிலத்தை வாங்கிக்கொள்ள விருப்பமுண்டா என்றும் அவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். அவரே வாங்கிக்கொண்டால் பாதைக்கென்று தனிப் பத்திரம் எழுத வேண்டிய அவசியமே இருக்காது.